யார் பெயருக்கு வந்த கார்டு

இப்படி ஒரு குறிப்பை ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுதுவது வழக்கம். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்தது, அவர் போகும் ஊரிலேயே எனக்கும் ஓர் இடம் காலியாக இருந்தது, போகிறேன். இந்த விருத்தாசலம் பெண்கள் பள்ளியில் எட்டு வருடம் விலங்கியல் எடுத்தேன். அதோடு, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு மேல்படிப்பு விண்ணப்பம் நிரப்பித் தருவதும், எங்கே சேரலாம் என்று சொல்வதும் என் வேலையாக இருந்தது. அந்த வேலை இந்த ஜூன் முதல், புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் வருகிறது. "போறதுக்கு முன்னால அந்தப் பொண்ணுங்களுக்கு நாலு வரி எழுதி வச்சிட்டுப் போம்மா" என்று தலைமையாசிரியை சொன்னார். நாலு வரியில் நிறுத்த எனக்கு வராது. மன்னிக்கவும்.

விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று எழுதப் போவதில்லை. அது விண்ணப்பத்திலேயே போட்டிருக்கும். நிரப்பிய பிறகு நடப்பதுதான் எதிலும் போட்டிருக்காது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஒரு முடிவை ஒரே தடவையில் எடுத்துப் பழக்கமில்லாதவள் நான். பால்காரரிடம் அரை லிட்டர் என்று சொல்லிவிட்டு, அவர் தெருமுனை திரும்புவதற்குள் ஓடிப்போய் முக்கால் என்பேன். பாப்பாவின் நெற்றி சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். சந்தேகமாக இருக்கும். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பிறகு கணவரின் நெற்றியையும் தொட்டு ஒப்பிடுவேன். "மூணு பேருக்குமே ஜுரம் இல்ல. இப்ப அது ஒரு கவலையா உனக்கு?" என்பார் அவர். இப்படிப்பட்டவளிடம்தான் வருடத்துக்கு நாற்பது பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கொடுத்திருந்தார்கள். பயமாக இருந்ததாலேயே ஒழுங்காகச் செய்தேன் என்று நினைக்கிறேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது தமிழரசி விஷயம். நான்கு வருடம் ஆகிறது. அப்போது பாப்பாவுக்கு ஒன்றரை வயது.

தமிழரசியின் அப்பா கலியமூர்த்தி தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை செய்தார். மின்சாரப் பெட்டியில் வெள்ளையாக ஃப்யூஸ் கட்டை இருக்குமே, அதை அச்சில் அழுத்தி எடுக்கிற வேலை. மகளின் ரேங்க் கார்டில் அவர் கையெழுத்துப் போட்டால் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டைவிரல் ரேகையும் சேர்ந்தே வரும். அவர் மனைவி அதே பட்டறையில் சரக்கை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவார். தமிழரசி ஒரே பெண். பள்ளியிலேயே முதல் மதிப்பெண். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள்.

அந்த வருடம் அவள் கையில் மூன்று காகிதங்கள் இருந்தன.

முதலாவது, தெற்கே கடைசியில் இருந்த ஓர் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இடம் கொடுத்து வந்த கடிதம். வருடக் கட்டணம் என் கல்யாணப் புடவையின் விலைகூட இல்லை. ஒரே நிபந்தனை, வரும் திங்கட்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். இரண்டாவது, பக்கத்து மாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான புத்தகம். எம்.பி.பி.எஸ். தான், ஆனால் அவர்கள் கேட்ட நன்கொடைக்குக் கலியமூர்த்தி இன்னும் இரண்டு பிறவி எடுத்து ஃப்யூஸ் கட்டை அழுத்த வேண்டியிருக்கும். அல்லது கருவேப்பிலங்குறிச்சியில் மனைவிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த முக்கால் காணி நிலத்தை விற்க வேண்டும். மூன்றாவது, அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் இருப்பதாகச் சொன்ன ஓர் அட்டை. எண் கொடுத்திருந்தார்கள். அந்த எண் எப்போது வரும், வருமா என்பது அதில் இல்லை.

சான்றிதழ்களின் அசல் ஒரே ஒரு செட்டுதான். ஓரிடத்தில் கொடுத்துவிட்டால் இன்னோரிடத்துக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் நான் அந்த வருடம் எல்லாப் பெற்றோரிடமும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். "எந்த மனுவா இருந்தாலும் ஒரிஜினல் இல்லாம செல்லாது. ஒரிஜினல் பத்திரம்." கலியமூர்த்தியிடம் ஐந்தாறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் நிதானமாகச் சொல்வார். "ரொம்பப் பத்திரமா இருக்குது டீச்சர். ஒருத்தரும் கை வைக்க முடியாது."

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சித்தாவே நல்லது என்று சொன்னேன். செலவில்லை, அரசுக் கல்லூரி, பெண்கள் விடுதி இருக்கிறது, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம். அவர்களும் தலையாட்டினார்கள். டீ கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பாலக்கரை தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு மதிப்பெண் எடுத்த பெண்ணைக் காசில்லாத காரணத்துக்காக ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டேனோ?

புதன்கிழமை மறுபடி போனேன். தனியார் கல்லூரியையும் யோசிக்கலாம், நிலம் நாளைக்கும் வாங்கலாம், படிப்பை வாங்க முடியாது என்றேன். தமிழரசியின் அம்மா உடனே, "எங்கப்பா எனக்குக் குடுத்த காணிதானே. நானே கையெழுத்துப் போடறேன், வித்துடலாம்" என்றார். அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதும் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். நான் சொன்னதற்காக ஒருவர் நிலத்தை விற்பார் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

வியாழக்கிழமை வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் கலியமூர்த்தியே எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. இன்னைக்கு எந்தக் காலேஜு?"

கேலியா மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் என்று இப்போது நினைக்கிறேன். காத்திருப்போர் பட்டியல் நகரட்டும், பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொன்னேன்.

"எனக்கு ஒண்ணுதான் டீச்சர் புரியல" என்றார் அவர். "சித்தாவும் அஞ்சரை வருஷம். இங்கிலீஷ் வைத்தியமும் அஞ்சரை வருஷம். அதுக்கும் வெள்ளைக் கோட்டு, இதுக்கும் வெள்ளைக் கோட்டு. அப்ப ஏன் ஒண்ணுக்கு பஸ்ஸு டிக்கெட்டு, இன்னொண்ணுக்கு முக்கா காணி?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எட்டு வருட சர்வீஸில் அவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. பட்டம் வேறு, மேற்படிப்பு வேறு, அரசு வேலை வேறு என்று ஏதோ சொன்னேன். பாதியிலேயே எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

இந்த மூன்று நாளும் தமிழரசி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட ஒரு ஃப்யூஸ் கட்டையைக் கொடுத்தாள். மேல்பூச்சில் விஷம் கிஷம் இருக்குமோ என்று நான் அதைப் பிடுங்கினேன். பாப்பா அழுதது, திருப்பிக் கொடுத்தேன். அவளிடம் நான் பேசியது அவ்வளவுதான். உனக்கு எது வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்க மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை எங்கள் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். திங்களுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. "முடிவா ஒண்ணு சொல்லுங்க டீச்சர், நாங்க அத செய்யறோம்" என்றார் கலியமூர்த்தி. நான் கண்ணை மூடிக்கொண்டு, "சித்தா" என்றேன். "ஞாயித்துக்கிழமை கெளம்பணும். ஒரிஜினல் மார்க் ஷீட்டு, டி.சி. ரெண்டும் எடுத்துக்கிட்டு வந்துடுங்க. நான் ஒரு தடவை சரிபாத்துத் தரேன்."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அது கோயில்ல இருக்குது டீச்சர்."

"எந்தக் கோயில்ல?"

"கொளஞ்சியப்பர் கோயில்ல. சூலத்துல."

நீங்கள் இருவரும் வெளியூர் என்பதால் இதை விளக்க வேண்டும். இங்கிருந்து டவுன் பஸ் தூரத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே வாயால் வேண்டிக்கொண்டால் போதாது என்பது இந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கை. பிராது கட்டுவார்கள். வெள்ளைத்தாளில் பெயர், ஊர், குறை எல்லாம் எழுதி, தாசில்தாருக்குக் கொடுப்பது போல சாமிக்கு மனு கொடுப்பார்கள். சாமி முன்னால் வைத்து, விபூதி போட்டு மடித்து, முனியப்பர் சன்னதியில் இருக்கும் சூலத்தில் கட்டிவிடுவார்கள். மனுதாரரின் ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்க பயணப்படிக் கட்டணமும் உண்டு, முனியப்பர் நேரில் போய் விசாரிக்க வேண்டுமே. காரியம் முடிந்ததும் மறுபடி வந்து மனுவை வாபஸ் வாங்க வேண்டும். வாபஸ் வாங்காமல் விடக்கூடாது.

காத்திருப்போர் பட்டியல் அட்டை வந்த அன்றைக்கே கலியமூர்த்தி போய் மகளுக்கு டாக்டர் இடம் கேட்டுப் பிராது கட்டியிருக்கிறார்.

"சரி, கட்டினீங்க. அதுக்குள்ள மார்க் ஷீட்ட ஏங்க வச்சீங்க?" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, எந்த மனுவா இருந்தாலும் ஒரிஜினல் இல்லாம செல்லாதுன்னு?"

தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒரே எச்சரிக்கையை நூறு தடவை சொன்னால் அதைக் கேட்கிறவர்கள் அதற்குக் கீழ்ப்படிந்துவிடுவார்கள். எந்த இடத்துக்கு அது பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை நான், பாப்பா, கலியமூர்த்தி, தமிழரசி நாலு பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். சூலத்தில் நூற்றுக்கணக்கான பொட்டலங்கள் தேனடை போலத் தொங்கின. எல்லாம் விரல் பருமனில் மடித்து நூலால் கட்டியவை. நடுவில் ஒன்று மட்டும் குட்டித் தலையணை போல இருந்தது. பட்டறையில் சரக்குப் பெட்டி கட்டும் நைலான் கயிற்றால் நாலு முடிச்சு. தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

கோயில் அலுவலகத்தில் இருந்த பெரியவர் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். "வாபஸ் எழுதிக் குடுத்தா தாராளமா பிரிச்சுத் தரோம். காரியம் முடிஞ்சுதுன்னு ஒரு வரி எழுதுங்க" என்று தாளை நீட்டினார்.

கலியமூர்த்தி பேனாவை வாங்கினார், எழுதவில்லை. "முடிஞ்சுதான்னு தெரியலீங்களே. நான் இங்கிலீஷ் டாக்டருதான் மனசுல நெனச்சேன்."

"மனுவுல என்னான்னு எழுதினீங்க?"

"டாக்டருன்னு எழுதினேன்."

"அப்ப அவரு குடுத்துட்டாரு. எந்தக் கம்பெனின்னு பாக்கறது நீங்கதான்."

கலியமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. வாபஸ் வாங்காவிட்டால் மார்க் ஷீட் இல்லை, எந்தக் கல்லூரியும் இல்லை. வாபஸ் வாங்கினால், கேட்டது கிடைத்துவிட்டது என்று சாமிக்கு எழுதிக்கொடுத்ததாகும். பிறகு பட்டியல் நகரவில்லையே என்று எந்த முகத்தோடு வந்து நிற்பது? அவர் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்போது தமிழரசி அப்பாவின் கையிலிருந்து பேனாவை எடுத்தாள். நின்றபடியே எழுதினாள். "எனக்கு டாக்டர் படிப்பில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. அப்பா கட்டிய பிராது முடிந்தது. இதற்கு மேல் வேண்டியதை நானே தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்." தாளை என்னிடம் காட்டினாள். நான் படித்துப் பார்த்து ஒரு இடத்தில் கால்புள்ளி போட்டுக் கொடுத்தேன். வேறெதையும் கவனிக்கவில்லை.

பிரித்தபோது மார்க் ஷீட்டின் நடுவில், உயிரியல் மதிப்பெண்ணுக்கு மேலே, சூலத்தின் துரு ஒரு கோடாக இறங்கியிருந்தது. நான்கு மூலையிலும் விபூதி, குங்குமம். தூக்கிப் பிடித்தால் கோயில் வாசனை. இதை வாங்குவார்களா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேராகத் தலைமையாசிரியை வீட்டுக்குப் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். பள்ளிக்கு வந்து அலுவலகத்தைத் திறந்து, பள்ளியின் தலைப்புத் தாளில் எழுதினார். "இம்மாணவியின் மதிப்பெண் சான்றிதழில் காணப்படும் கறைகள் விபூதி, குங்குமம் மற்றும் சூலத்தின் துரு ஆகியவற்றால் ஏற்பட்டவை என்றும், மதிப்பெண்கள் மாணவி தானே பெற்றவை என்றும் சான்றளிக்கப்படுகிறது." கையெழுத்து, முத்திரை. அந்தக் கல்லூரியில் அதைப் படித்த அலுவலர் ஒன்றும் சொல்லவில்லையாம். மார்க் ஷீட்டை ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டு கோப்பில் வைத்தாராம்.

இது வரைக்கும் நான் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இனி வருவதை யாரிடமும் சொன்னதில்லை. தலைமையாசிரியைக்குத் தெரியும், தமிழரசி வீட்டாருக்குத் தெரியும்.

தமிழரசி சேர்ந்து ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். அவளிடமிருந்து இரண்டு இன்லண்டு லெட்டர் வந்தது. உடற்கூறியல் பிடித்திருக்கிறது, ஓலைச்சுவடித் தமிழ்தான் கஷ்டம், விடுதிக் குழம்பில் காரம் அதிகம். நான் அவற்றை ஆசிரியர் அறையில் எடுத்துப் படித்துக் காட்டினேன். முக்கால் காணி நிலத்தைக் காப்பாற்றினேன், ஒரு பெண்ணைச் சரியான இடத்தில் சேர்த்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு முன்னால் என் முடிவைச் சரியென்று யாரும் சொன்னதில்லை, நான் உட்பட. அந்த ருசி எனக்குப் புதிது.

ஒரு திங்கட்கிழமை காலை, முதல் பீரியடு மணி அடிக்கிற நேரத்தில் தபால்காரர் வந்தார். பிள்ளைகளின் கடிதங்கள் தொலைந்துவிடக் கூடாது என்று எல்லா விண்ணப்பத்திலும் பள்ளி முகவரியைத்தான் கொடுப்பேன். பட்டியல் நகர்ந்துவிட்டது. தமிழரசிக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த அழைப்பு அட்டையோடும் அசல் சான்றிதழ்களோடும் சென்னையில் நேரில் வர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

நான் அந்த அட்டையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

ஏன் என்று கேட்டால் அப்போது ஆறு காரணம் சொல்லியிருப்பேன். அவள் அங்கே காலூன்றிவிட்டாள். சேர்ந்த கல்லூரியிலிருந்து அசலைத் திரும்ப வாங்குவது சுலபமில்லை. சென்னையில் இடம் கிடைக்காமல் போனால் இரண்டும் போகும். அப்பா இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறார். இன்னும் இரண்டு இருந்தன, நினைவில்லை. எல்லாமே நியாயமான காரணங்கள். அதனால்தான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையான காரணம் இவற்றில் இல்லை. நான் சொன்ன முடிவு சரியாகவே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் வாழ்க்கை என் முடிவுக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பீரியடில் தவளையின் இதயத்துக்கு நான்கு அறை என்று கரும்பலகையில் எழுதினேன். முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மூணுதான் டீச்சர்" என்றாள். அழித்துவிட்டு மறுபடி நான்கு என்று எழுதினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவுப் பக்கம் ரவுண்ட்ஸ் வந்த தலைமையாசிரியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் வராந்தாவில் கேட்டார். "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"இல்லைங்கம்மா." பையைத் திறந்து அட்டையைக் காட்டினேன். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவதுக்கு மேல் அவர் விடவில்லை.

"இது யாரு பேருக்கு வந்திருக்குது?"

"தமிழரசி பேருக்கு."

"அப்ப உன் பையில இதுக்கு என்னா வேல?"

அவ்வளவுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அன்றைக்கு எனக்கு மீதி இருந்த வகுப்புகளைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மூன்று அறை உள்ள தவளையைப் பிள்ளைகளுக்கு விளக்கப் போய்விட்டார்.

பட்டறைக்கு ஓடினேன். கலியமூர்த்தி வெள்ளைக் கையோடு அப்படியே வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கல்லூரி விடுதிக்குப் போன் போட்டோம். எடுத்த அம்மா சொன்னார். "முதலாம் ஆண்டுப் பிள்ளைங்க மூலிகை பாக்க மலைக்குப் போயிருக்காங்க. இப்பத்தான் பஸ்ஸு கெளம்பிச்சு, முக்கா மணி நேரம் முன்னாடி இருந்தாங்க. இனிமே சாயந்திரம் அஞ்சு மணிக்குத்தான்."

முக்கால் மணி நேரம் என்பது ஒரு பீரியடு. அந்தப் பீரியடை நான் தவளைக்குச் செலவழித்திருந்தேன். ஐந்து மணிக்குக் கல்லூரி அலுவலகம் மூடிவிடும், அன்றைக்கு அசலை வாங்க முடியாது. ஒரு முழு நாள் போய்விட்டது. கலியமூர்த்தியிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவர் பூத்தின் கண்ணாடியில் சாய்ந்துகொண்டார்.

"நீங்களும் அவ நல்லதுக்குத்தான் யோசிச்சீங்க" என்றார் பிறகு. "நானும் அவ நல்லதுக்குத்தான் மார்க் ஷீட்ட சூலத்துல கட்டினேன்."

எனக்கு அதைவிட அவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஐந்து மணிக்குத் தமிழரசி கிடைத்தாள். அட்டையை முகவரியிலிருந்து பின்கோடு வரை முழுதாகப் படித்தேன். அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"காலையிலயே வந்துடுச்சு தமிழரசி. நான் ஒரு பீரியடு என் பையிலயே வச்சிருந்தேன். அதனாலதான் உன்ன காலையில புடிக்க முடியல."



"ஏன் டீச்சர்?"

"நீ அங்க நல்லா இருக்கறன்னு நெனச்சேன்."

"நல்லாத்தான் இருக்கேன் டீச்சர். ஆனா நான் இதக் கேட்டுத்தானே மொதல்ல விண்ணப்பம் போட்டேன்." குரலில் கோபம் இல்லை. தெரியாதவர்களுக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். "நாளைக்கு ஒரிஜினல வாங்கிட்டு ராத்திரி ரயிலு ஏறுறேன். புதன்கிழமை நம்ம ஜங்ஷன் வழியாத்தான் போகும். அப்பாவ கார்டோட பிளாட்பாரத்துல நிக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைமையாசிரியை அந்தக் கல்லூரிக்குத் தந்தி கொடுத்தார். அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் அசலைத் திருப்பிக் கொடுத்தார்கள். தமிழரசி சென்னையில் குறித்த நேரத்துக்குச் சேர்ந்தாளா என்று நீங்கள் பதறிக்கொண்டு படிக்க வேண்டாம். பதறுவதற்கு நான் ஒருத்தி போதும். சேர்ந்தாள். துருக்கறைச் சான்றிதழை அங்கேயும் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது நான்காம் ஆண்டு படிக்கிறாள். சித்தாவில் இருந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருப்பாளோ என்று மாதத்தில் இரண்டு நாள் எனக்குத் தோன்றும். தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். அதை அவளுக்கு எழுதுவதில்லை.

இதற்குப் பிறகு நான் என் வேலையில் ஒன்றை மாற்றினேன். விண்ணப்பத்தில் பள்ளி முகவரியைத்தான் இப்போதும் கொடுக்கிறேன். ஆனால் எந்தக் கடிதம் வந்தாலும் அந்த மணியிலேயே உரியவர் கைக்குப் போய்விடும், எனக்குப் பாடம் இருந்தாலும் சரி. செலவு, வருடம், பட்டம், அதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்தவரை சொல்வேன். அதற்கு முன்னால் பிள்ளையைக் கேட்டுவிடுவேன். அப்பா அம்மா முன்னால் கேட்டால் வாய் திறக்காது. பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் சாக்கில் வெளியே கூட்டிப்போய்க் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு வேறு ஏதாவது சாக்கு கிடைக்கும்.

அந்தப் புதன்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வண்டி காலையிலேயே வர வேண்டியது, தாமதமாகிப் பத்தரைக்கு வந்தது. எந்தப் பெட்டி என்று தெரியாது, நிற்பது கொஞ்ச நேரம்தான். அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கலியமூர்த்தி சட்டைக்குள் வைத்திருந்தார். நான் ஒரு கோடியில், அவர் ஒரு கோடியில். பாப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன், அதற்கும் தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டு. நடுப்பெட்டி ஒன்றில் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை துப்பட்டாவை ஆட்டியது. கத்தினேன். கலியமூர்த்தி கூடைக்காரிகளையும் கிழங்கு மூட்டைகளையும் தாண்டி ஓடிவந்து ஏறினார். மகள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் சட்டைக்குள் கையை விட்டார்.

அவள் உறையைத் திறந்து பார்க்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து என்னைக் கூப்பிட்டாள். இரண்டு இரவு தூங்காத கண்.

"டீச்சர், நான் சரியாத்தானே பண்றேன்?"

என்னிடம் மூன்று பதில் தயாராக இருந்தன. மூன்றுக்கும் காரணங்கள் இருந்தன. ரயில்வே கார்டு பச்சைக்கொடியைத் தூக்கிவிட்டார்.

"தெரியலடி" என்றேன்.

தமிழரசி முதலில் புரியாதது போலப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வண்டி நகர்ந்தது. நான் ஜன்னலோடு கூடவே நடந்தேன்.

"இத நீங்க மொதல்ல எங்க வீட்டுக்கு வந்த அந்தச் செவ்வாக்கிழமையே சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றாள்.